தகப்பன் இருக்கும்போது ஆயா தத்துக் கொடுக்கலாமா?

காரைக்குடியில் வசிக்கும் ஒரு சகோதரியின் கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38, கணவருக்கு 45. குழந்தை இல்லை. அவருடைய தங்கை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். தங்கையின் ஒரே மகளுக்கு இப்போது 7 வயது. பொன்னமராவதி பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆயா (தாய்வழிப் பாட்டி) வீட்டில் வளர்கிறாள். தகப்பன் மனைவி இறந்த மறு வருடம் மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர், இன்னும் ஊர் திரும்பவில்லை. இரண்டு தீபாவளிக்கு முன்பு ஒருமுறை தொலைபேசியில் பேசினார். அதற்குச் சில மாதங்கள் கழித்து, பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஆயாவின் வங்கிக் கணக்கில் ஒரு தொகை போட்டார். பிறகு பேச்சில்லை. அங்கே வேறு திருமணம் செய்துகொண்டதாகக் கேள்வி.

"எங்கள் நகரத்தார் குடும்பங்களில் பிள்ளை கூட்டுவது (தத்தெடுப்பது) புதிதல்ல. ஆவணியில் பிள்ளையார்பட்டியில் பெரியவர்கள் முன்னிலையில் மஞ்சள் நீர் கொடுத்துக் கூட்டிக்கொள்ள நாள் பார்த்துவிட்டோம். பத்திரம் எழுதுபவரிடம் வரைவும் தயார். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். தகப்பன்தான் கைவிட்டுவிட்டாரே, அவரை எதற்குக் கேட்க வேண்டும்? பங்காளிகள் எல்லாரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்" என்று எழுதுகிறார். ஆனால் மாமியாருக்கு மனமில்லை. "பெண் குழந்தையைக் கூட்டிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை, அதுவும் வேறு கோயில் பிள்ளை" (நகரத்தார் குடும்பங்கள் கோயில் வாரியாகப் பிரிந்தவை) என்கிறாராம். குழந்தையின் சித்தப்பா, "5 லட்சம் கொடுத்தால் அண்ணனிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். இன்னொருவர், "இத்தனை சிக்கல் எதற்கு? உங்கள் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிடலாம்" என்று யோசனை சொல்கிறார். எது சரி, நீதிமன்றம் போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

தாயை இழந்த தங்கை மகளைத் தன் மகளாக்கிக்கொள்ள நினைக்கும் உங்கள் மனதை மதிக்கிறேன். உங்கள் கணவரும் இதில் உங்களோடு உறுதியாக நிற்பது கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அதனாலேயே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: இப்போது கையில் இருக்கும் காகிதங்களை வைத்துக்கொண்டு ஆவணியில் அந்தச் சடங்கைச் செய்யாதீர்கள். தகப்பனின் சம்மதமோ, மாவட்ட நீதிமன்றத்தின் முன் அனுமதியோ, இரண்டில் ஒன்று இல்லாமல் உங்கள் அம்மா கொடுக்கும் தத்து செல்லாது. ஊரே கூடி நின்று வாழ்த்தினாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவே ஆனாலும் செல்லாது.

வரைவில் இருக்கும் ஒரு வாக்கியம்

நீங்கள் அனுப்பிய வரைவின் மையமே இந்த வாக்கியம்தான்: "மேற்படி மைனர் பெண்ணின் தகப்பனார் இருக்குமிடம் தெரியாதபடியால், தாய்வழிப் பாட்டியும் கார்டியனுமாகிய நான் மனப்பூர்வமாகச் சம்மதித்து இன்று தங்களுக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டேன்." பத்திர நடையில் பார்த்தால் குறை சொல்ல முடியாத வாக்கியம். ஆனால் அதற்குள் மூன்று தவறுகள் இருக்கின்றன.

முதலாவது, "இருக்குமிடம் தெரியாதபடியால்". அவருடைய தம்பி அவரிடம் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியனுப்புகிறார். அப்படியானால் இருக்குமிடம் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், உங்களுக்கும் விசாரித்தால் தெரியவரும். தெரிந்துகொண்டே தெரியாது என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். பின்னால் ஒருநாள் அவர் வந்து நின்றால், இந்த ஒரு சொல்லே பத்திரம் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

இரண்டாவது, "கார்டியனுமாகிய நான்". குழந்தையை வளர்த்துப் பராமரிப்பவர் என்ற பொருளில் உங்கள் அம்மா கார்டியன்தான். இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956 அப்படிப் பராமரிப்பவரையும் கார்டியன் என்றே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கார்டியனாக இருப்பதாலேயே தத்துக் கொடுக்கும் உரிமை வந்துவிடாது. அந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி குழந்தையைத் தத்துக் கொடுக்கக்கூடியவர்கள் தகப்பன், தாய், கார்டியன் ஆகிய மூவர் மட்டுமே. பெற்றோரில் ஒருவர் இருந்தாலும் முதல் உரிமை அவருக்குத்தான். இருவரும் இறந்துவிட்டால், அல்லது துறவு பூண்டுவிட்டால், அல்லது குழந்தையைக் கைவிட்டுவிட்டால், அல்லது மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால், அல்லது பெற்றோர் யார் என்றே தெரியாவிட்டால்தான் கார்டியனின் முறை வரும். அப்போதும் நீதிமன்றத்தின் அனுமதியோடுதான்.

மூன்றாவது தவறு, "கொடுத்துவிட்டேன்" என்பது. சட்டம் கேட்பது முன் அனுமதி. முதலில் கொடுத்துவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அது நடக்காது.

பதிவு ஆகிவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று பத்திரம் எழுதுபவர் உங்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும் என்பது உண்மை. 16ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. அதே பிரிவிலேயே, மாறாக நிரூபிக்கப்படும் வரை என்ற நிபந்தனையும் இருக்கிறது. தகப்பன் உயிரோடு இருந்தார், அவரைக் கேட்கவில்லை, நீதிமன்ற உத்தரவும் இல்லை என்று காட்டிவிட்டால் அந்த அனுமானம் அதோடு முடிந்தது. சம்மதம் என்பதை நீதிமன்றங்கள் எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கின்றன என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று போதும். கணவர் தத்தெடுத்தபோது மனைவி அந்த இடத்தில் இருந்தார் என்பதே மனைவியின் சம்மதம் ஆகிவிடாது, அவர் சம்மதித்தார் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். கூடவே உட்கார்ந்திருந்த மனைவிக்கே அப்படி என்றால், கேட்கப்படவே இல்லாத தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு இதையெல்லாம் யாரும் கிளறமாட்டார்கள். பங்காளிகள் எல்லாரும் இணக்கமாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. நான் யோசிப்பது இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து வரும் காலத்தை. உங்கள் கணவர் வழிப் பெரிய வீடு இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை என்கிறீர்கள். இப்போது தலையாட்டும் பெரியவர்கள் அப்போது இருக்கமாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வக்கீல் வைத்துக் கேட்பார்கள். அன்று சாட்சிக் கூண்டில் ஏறி "நான் இவர்கள் மகள்தான்" என்று நிரூபிக்க வேண்டியவள் இந்தக் குழந்தை. நம் பகுதியின் பாகப்பிரிவினை வழக்குகளில், சுவீகாரம் செல்லாது என்ற வாதத்தைக் கேட்டுக்கொண்டு கூனிக் குறுகி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களின் அவசரத்துக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

பங்காளிகளும் கோயிலும்

பங்காளிகள் சம்மதித்தால் போதும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனை இல்லை, அதற்கு ஒரு வரலாறு உண்டு. நம் பக்கத்திலேயே, இராமநாதபுரம் ராணி செய்த சுவீகாரம் பற்றிய வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும், கணவர் வழி உறவினர்களின் சம்மதத்தோடு விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்று 1868இல் அங்கே தீர்ப்பானது. அதன் பிறகு தென்னாட்டில் பங்காளிகளின் தலையசைப்புக்கு நீதிமன்றத்திலேயே மதிப்பு இருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை முடித்துவைத்துவிட்டது. இன்று உங்கள் கணவர் தத்தெடுக்க உங்கள் சம்மதம் வேண்டும், நீங்கள் தத்தெடுக்க அவர் சம்மதம் வேண்டும். பங்காளிகள் வேண்டாம் என்றாலும் அது தடையாகாது, வேண்டும் என்றாலும் அது சட்டத்துக்குப் போதாது.

உங்கள் மாமியாரின் முதல் ஆட்சேபமும் அந்தப் பழைய காலத்தைச் சேர்ந்ததுதான். அன்று சுவீகாரம் என்றாலே ஆண்பிள்ளை. 1956 முதல் மகளையும் தத்தெடுக்கலாம். உங்களுக்கு வேறு மகள் இல்லை என்பதால் தடையில்லை. பெண் குழந்தையை ஆண் தத்தெடுத்தால் இருவருக்கும் இடையே குறைந்தது 21 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கும் அவளுக்கும் 38 வயது வித்தியாசம். குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, திருமணமாகியிருக்கக் கூடாது என்ற விதிகளுக்குச் சமூக வழக்கத்தை வைத்து விலக்குக் கேட்கலாம். பெரிய பையன்களைக் கூட்டிக்கொள்ளும் நகரத்தார் வழக்கத்துக்கு அந்த விலக்கு பயன்படும், 7 வயதுக் குழந்தைக்கு அது தேவையே இல்லை.

கோயில் விஷயம் வேறு. எந்தக் கோயில் பிள்ளை என்பதைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் நாளைக்கு அவள் திருமணத்துக்கு எந்தக் கோயிலிலிருந்து மாலை வரும் என்ற மாமியாரின் கவலையை அலட்சியமாக ஒதுக்காதீர்கள். அதை எந்த வக்கீலும் தீர்த்துவைக்க முடியாது. உங்கள் கோயில் காரியக்காரர்களையும் பெரியவர்களையும் இப்போதே நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள். எதிர்ப்பாகத் தெரிவது பெரும்பாலும் கவலைதான்.

முதலில் தகப்பனைக் கேளுங்கள்

"கைவிட்டவரை எதற்குக் கேட்க வேண்டும்" என்ற உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தங்கையை இழந்த துக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் இந்த வழிதான் எளிதானது, உறுதியானது, செலவு குறைந்தது. தாய் இறந்துவிட்டதால் தகப்பன் ஒருவரே சம்மதித்துக் கொடுக்கலாம். பெற்றவரே கொடுக்கும்போது இந்தச் சட்டத்தின்படி நீதிமன்ற அனுமதி தேவையே இல்லை. நீதிமன்றம் போகத்தான் வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. அவர் மறுமணம் செய்திருந்தாலும் அவருடைய உரிமை போய்விடாது.

அவர் நேரில் வந்து, குழந்தையை உங்கள் கையில் ஒப்படைத்து, பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்துகொடுப்பதே மிகச் சிறந்தது. கொடுத்தலும் எடுத்தலும் உண்மையாக நடக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டாயம், ஹோமம் கட்டாயமில்லை. மஞ்சள் நீர் சடங்கை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், அது கொடுத்து எடுத்ததற்குச் சாட்சியாகவும் ஆகும். அவரால் வர முடியாவிட்டால், கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தத்துக் கொடுப்பது என்ற முடிவை அவர்தான் எடுக்க வேண்டும். "என் மகளைத் தத்துக் கொடுப்பது பற்றி என் மாமியார் முடிவு செய்யலாம்" என்று எழுதினால் செல்லாது. "என் மகளை இன்னாருக்குத் தத்துக் கொடுக்க நான் முடிவு செய்திருக்கிறேன், என் சார்பில் குழந்தையை ஒப்படைத்துப் பத்திரத்தைப் பதிவு செய்ய என் மாமியாருக்கு அதிகாரம் தருகிறேன்" என்று தெளிவாக எழுதவேண்டும். அந்தப் பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைக் கட்டணமும் செலுத்திவிட வேண்டும்.

அவரிடம் பேச வேண்டியது உங்கள் அம்மா. நீங்கள் பேசினால் பழைய கணக்குகள் வந்துவிடும். தத்து ஒருமுறை நடந்துவிட்டால் அவராலும் உங்களாலும் அதை ரத்துசெய்ய முடியாது என்பதை அம்மா மறைக்காமல் சொல்ல வேண்டும். 15ஆவது பிரிவு அதை உறுதியாகச் சொல்கிறது. தெரிந்து கொடுத்த சம்மதமே நிற்கும். பேசிய பிறகு, அதே விவரங்களை ஒரு கடிதமாக எழுதி, ரசீது தரும் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ரசீது பின்னால் உதவும்.

அந்த 5 லட்சம்

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தத்துக்காகப் பணமோ வேறு பரிசோ கொடுப்பதும் வாங்குவதும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குழந்தையை விலைக்கு வாங்கியதாகவே பார்க்கப்பட்டால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். நீதிமன்றத்தில் அனுமதி கேட்கும்போதும், இதற்காக எந்தப் பணமும் கைமாறவில்லை என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். "வரப்போகும் செலவுக்கு" என்று விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பதையும்கூடத் தவிர்த்துவிடுங்கள். நாளை அதையே விலை என்று திருப்பிச் சொல்ல ஆள் இருக்கிறது.

சித்தப்பா சொல்லியனுப்பியது செல்பேசியில் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். இனி அவர் மூலமாகப் பேசுவதை நிறுத்துங்கள்.

உங்கள் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் வாங்கும் யோசனையும் இதே வகைதான். பிறந்த மருத்துவமனையில் பதிவு இருக்கிறது, தாயின் பெயர் இருக்கிறது, பள்ளியில் சேர்த்த ஆவணம் இருக்கிறது. அதற்கு எதிராக ஒரு சான்று உருவாக்குவது போலி ஆவணம் தயாரிப்பது. முறைப்படி தத்தெடுத்த பிறகு, பதிவு செய்த பத்திரத்தைக் காட்டிப் பிறப்புப் பதிவில் உங்கள் பெயர்களைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். அதுவரை பொறுத்திருங்கள்.

நீதிமன்ற அனுமதி

அம்மா பேசியும், கடிதம் அனுப்பியும், நியாயமான கால அவகாசம் கொடுத்தும் அவர் வாய் திறக்கவில்லை என்றால் அடுத்த வழி இது. தாய் இல்லை, தகப்பன் கைவிட்டுவிட்டார் என்ற அடிப்படையில் 9ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி அனுமதி கேட்கலாம். மனுதாரர் நீங்கள் இல்லை, கார்டியனாகிய உங்கள் அம்மா. தகப்பனை எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும்.

எந்த நீதிமன்றம் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். நீங்கள் காரைக்குடியில் இருப்பதால் சிவகங்கை என்று நினைத்திருக்கிறீர்கள். தத்துப் போகும் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றம்தான் கணக்கு. செட்டிநாடு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம். எனவே மனுவைப் புதுக்கோட்டை மாவட்ட நீதிமன்றத்தில் போடவேண்டும். ஜூனில் குழந்தையைக் காரைக்குடிப் பள்ளியில் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மனுத் தாக்கல் செய்யும் நேரத்தில் அவளை இடம் மாற்றினால், எந்த மாவட்டம் என்பதிலேயே ஒரு சர்ச்சை கிளம்பும். வக்கீலிடம் கலந்துகொண்டு பிறகு மாற்றுங்கள்.

தகப்பனுக்கு நோட்டீஸ் போகும். அதை வழக்கமான முறையில் அவரிடம் சேர்ப்பிக்க முடியாவிட்டால் நாளிதழில் விளம்பரம் செய்ய நீதிமன்றம் உத்தரவிடும். அவர் வந்து ஆட்சேபித்தால் அதையும் கேட்பார்கள். பிறகு நீதிபதி முக்கியமாகப் பார்ப்பவை: இந்தத் தத்து குழந்தையின் நலனுக்கு உகந்ததா, அவள் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப அவளுடைய விருப்பம் என்ன, பணம் கைமாறியதா. இவற்றோடு, அவர் உண்மையிலேயே கைவிட்டாரா என்ற கேள்வியும் இருக்கிறது. உங்கள் அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் அந்த ஒற்றை வரவு இங்கேதான் முக்கியமாகிறது. அதை மறைத்துவிடலாமா என்று நீங்கள் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மனுவிலேயே தேதியோடு சொல்லிவிடுங்கள். ஒருமுறை பணம் அனுப்பியதாலேயே அவர் கைவிடவில்லை என்று ஆகிவிடாது. மலேசியா போனதிலிருந்து குழந்தையை வந்து பார்க்காதது, காய்ச்சல் வந்தபோது விசாரிக்காதது, பள்ளியில் ஒரு கையெழுத்துக்கும் இல்லாதது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீதிபதி முடிவு செய்வார். ஆனால் அதை மறைத்து வாங்கிய உத்தரவு, மறைத்தது தெரிந்த அன்றே ஆட்டம் காணும். வெளிப்படையாகச் சொல்கிறேன், இன்றைய நிலையில் கைவிட்டார் என்பதை நிரூபிப்பது சுலபமில்லை. அதனால்தான் தகப்பனைக் கேட்பதை முதலில் வைத்தேன்.

இதைத் தவிர மாவட்ட ஆட்சியர் வழியும் உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் தாயின் உடன்பிறந்தவள் உறவினர் பட்டியலில் வருகிறாள். மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமாக விண்ணப்பித்தால், ஆட்சியரே தத்து உத்தரவு வழங்குவார். 2022 செப்டம்பர் 1 முதல் அந்த அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து ஆட்சியருக்கு மாறியிருக்கிறது. அங்கேயும் பெற்றவரின் சம்மதம் வேண்டும். அவர் தர இயலாத நிலையில் இருந்தால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு கார்டியன் தர வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதமும் வேண்டும். பெற்றவரைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி இதிலும் கிடையாது.

அவர் மறுத்துவிட்டால்

அதுவும் நடக்கலாம். கொடுக்கமாட்டேன் என்று தகப்பன் வந்து சொன்னால், கட்டாயப்படுத்தித் தத்தெடுக்க முடியாது. அதனால் குழந்தை உங்களோடு இருக்க முடியாது என்று அர்த்தமில்லை. உங்கள் அம்மாவோ நீங்களோ கார்டியனாக நியமிக்கக் கோரி மனுச் செய்யலாம். தகப்பனே இயற்கைக் கார்டியன் என்றாலும், எந்த நீதிமன்றமும் குழந்தையின் நலனையே தலையாயதாகப் பார்க்கும். கார்டியன் உத்தரவு அவளுக்கு 18 வயது ஆகும்வரைதான். அதனால் வாரிசுரிமை வராது. உங்கள் கணவர் தம் சுயசம்பாத்தியத்தை உயில் மூலம் அவளுக்கு எழுதிவைத்து அந்தக் குறையை ஈடுகட்டலாம். தத்துக்கு முயற்சி நடக்கும் இந்தக் காலத்திலேயே அந்த உயிலை எழுதிவைப்பது நல்லது.

தங்கையின் நகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய சொத்தில் மகளுக்கும் கணவருக்கும் சம பங்கு. மகளுக்கு வந்த பங்கு தத்துக்குப் பிறகும் அவளுடையதே. நகைகளைப் படம் எடுத்து, எடை போட்டு, பட்டியல் எழுதி, அம்மாவும் நீங்களும் கையெழுத்திட்டு லாக்கரில் வையுங்கள். தகப்பனின் சம்மதத்துக்கும் நகைப் பங்குக்கும் முடிச்சுப் போடாதீர்கள். "பங்கை விட்டுக்கொடுக்கிறோம், கையெழுத்துப் போடு" என்றால் அதுவும் பணம் கொடுத்த கதைதான்.

குழந்தையிடம் சொல்ல வேண்டியது

கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது ஒரு வரி: "இனிமேல் அவள் முன்னால் அவன் பெயரையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டோம்." சகோதரி, அவளுக்கு 7 வயது. இரண்டு தீபாவளிக்கு முன்பு அவர் பேசியபோது அவளும் ஃபோனில் பேசினாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குரல் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பெயரை எடுக்காமல் விட்டால் அவள் மறந்துவிடமாட்டாள். கேட்கக் கூடாத விஷயம் என்று மட்டும் புரிந்துகொள்வாள். நீதிபதி அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, "உனக்கு யாரோடு இருக்க விருப்பம்?" என்று கேட்கும் நாள் வரலாம். சொல்லிக்கொடுத்த பதிலையும் சொந்தப் பதிலையும் அவர்களால் எளிதில் பிரித்தறிய முடியும்.

ஆகவே உண்மையை அவள் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். "உன் அம்மா என் தங்கை. உன் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். இனி நாங்கள் உனக்கு அம்மா அப்பாவாக இருக்க ஆசைப்படுகிறோம், உனக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். பெரியம்மா என்றே அவள் கூப்பிட்டால் கூப்பிடட்டும். உங்கள் அம்மாவிடமிருந்து அவளைச் சட்டென்று பிரிக்கவும் வேண்டாம். சனி ஞாயிறுகளில் காரைக்குடி, மற்ற நாட்களில் பொன்னமராவதி என்று சில மாதங்கள் போகட்டும். 67 வயதில் தனியாகிவிடுவோமோ என்று உங்கள் அம்மா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரையும் உங்களோடு அழைத்துக்கொள்ள முடியுமா என்று கணவரிடம் பேசிப் பாருங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

தங்கையின் இறப்புச் சான்றிதழ், அவருடைய திருமண ஆவணம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, அம்மாவின் வங்கிப் புத்தகம், உங்கள் இருவரின் ஆதார், திருமணச் சான்று, வருமானச் சான்று, தகப்பனுக்கு அனுப்பும் கடிதத்தின் நகல், தபால் ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். தயாரித்த வரைவு ஒரு நகல் அதில் இருக்கட்டும், ஆனால் அதில் யாரும் கையெழுத்திட வேண்டாம். புதுக்கோட்டை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. கூப்பிட்டு விசாரிக்க 15100 என்ற எண் இருக்கிறது. சொந்தமாக வக்கீல் வைத்துக்கொள்வதாக இருந்தாலும் முதலில் அங்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஆவணி நாளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், தகப்பனிடமிருந்து பதில் வந்த பிறகு வேறு நாள் பார்க்கலாம் என்று நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.